கதவு வைத்தோம், பூட்டு எங்கே?

கடைக்குப் புது ஷட்டர் போட்டால் அன்று மாலையே பூட்டு வாங்கிவிடுகிறோம். பூட்டோடு வந்த சாவிகள் எல்லாம் நம் கையில் இருக்கின்றனவா என்று எண்ணியும் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் வீட்டுக்குப் பிராட்பேண்ட் வரும்போது மட்டும், கம்பி இழுத்தவர் "லைன் வந்துவிட்டது" என்று சொன்னதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம்.

நம்மில் பலர் கடை அடைத்தபின் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் கணக்கு எழுதுகிறோம். வாடிக்கையாளர் பாக்கி, மண்டிக்குக் கொடுக்க வேண்டியது, ஜி.எஸ்.டி. பில்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. பகலில் அதே பெட்டியில் பிள்ளைகள் விளையாட்டுகளை இறக்குகிறார்கள். தொலைபேசி வழியே இணையம் வந்த காலத்தில் வேலை முடிந்ததும் துண்டித்துவிடுவோம். பிராட்பேண்ட் இரவும் பகலும் திறந்தே இருக்கிறது.

"சின்னக் கடைக்காரன் கணக்கை யார் திருடப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய வான்னாகிரை வைரஸ் பெரியவர், சிறியவர் என்று பார்க்கவில்லை. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாதவர்களே சிக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான பிராட்பேண்ட் மோடம்கள் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்ததே அதற்குக் காரணம்.

இங்கே நாம் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். போலிச் சரக்கு விற்பவனால் நேர்மையான வியாபாரி கெடுகிறான் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் நம் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸும் கணக்கு மென்பொருளும் காசு கொடுத்து வாங்கியவைதானா? திருட்டு நகலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திருத்தம் வந்தாலும் அதில் ஒழுங்காக ஏறும் என்ற உறுதி இல்லை. மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காகப் பல ஆண்டுக் கணக்கைப் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இணைப்புக் கொடுக்க வந்தவர் கிளம்புவதற்கு முன், மோடத்தின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் அவரை வைத்தே மாற்றி, நம் நோட்டில் எழுதிக்கொள்வோம். அதன் பிறகே கையெழுத்துப் போடுவோம். விண்டோஸ் திருத்தங்கள் தானாக ஏறும்படி விடுவோம். அதோடு வரும் ஃபயர்வாலை அணைக்காமல் இருப்போம். பிள்ளைகளுக்கு மென்பொருள் ஏற்றும் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் வைப்போம். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டியவர்கள் நாம். வைரஸ் தின்றுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. பாக்கி வைத்தவரிடம் சொன்னாலோ, கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கல்லாவைப் பூட்டாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. நம் கல்லாவில் பாதி இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம். சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துச் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.