பழச்சாறு பாட்டிலும் ஆஸ்பிரினும்

சண்டிகருக்கு மாற்றலாகி வந்து வருஷம் பதினொன்று ஆச்சு. இங்கே நம்ம ஆட்கள் பொங்கலுக்கும் கிருத்திகைக்கும் கூடுகிற இடத்தில் நல்ல ஃபில்டர் காபி கிடைக்கும், கூடவே இலவச வைத்தியமும் கிடைக்கும். காபிக்கு நான் அடிமை. வைத்தியத்தைப் பற்றித்தான் இந்தப் புலம்பல். படித்துவிட்டு யாராவது என்னோடு பேசாமல் போனால் போகட்டும்.

போன கிருத்திகையன்று ஒரு இளம் தம்பதி. மூணு வயசுப் பையனுக்குக் காவாசாகி நோய் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நம்ம சார் ஒருத்தர் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர், ரிடையர் ஆனதும் சங்கிலி வியாபாரத்தில் இறங்கிவிட்டார்) அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்: "ஆஸ்பிரினை நிறுத்திடும்மா, குழந்தைக்கு ரத்தத்தைத் தண்ணியாக்கிடும். இந்த ஆன்டிஆக்சிடன்ட் ஜூஸ் குடு. ரத்தக்குழாய் தானா சரியாயிடும், சைடு எஃபெக்டே கிடையாது." அந்தப் பெண் தலையாட்டுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை வைத்த வேகத்துக்குப் பாதி காபி தரையில்.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், 2017 பிப்ரவரியில் அந்த நாற்காலியில் நானும் தங்கமணியும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயசு. ஐந்து நாளாக 103, 104 டிகிரி காய்ச்சல், எந்த மருந்துக்கும் அசையவில்லை. கண் இரண்டும் சிவப்பு, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து ரத்தச் சிவப்பு, நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி. உள்ளங்கை வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் பார்த்தவர் வைரல் என்றார். ஏழாவது நாள் வேறொரு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் "காவாசாகி" என்றார். பஜாஜ் வண்டியில் ஒட்டியிருந்த பெயராச்சே என்று அந்த நேரத்திலும் தோன்றியது பாருங்கள், மனுஷ புத்தி!

பெயர் வண்டிக்காரருடையது இல்லை. டொமிசாகு காவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-ல் முதல் குழந்தையைப் பார்த்தார், 1967-ல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். உடம்பின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் அழற்சியில் வீங்குகின்றன. காய்ச்சல் தானாக இறங்கிவிடும், அதுதான் ஏமாற்று. உள்ளே இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய் பலூன் மாதிரி புடைத்திருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு இது நடக்கிறது. பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இருபதில் ஒன்றாகக் குறைகிறது. கணக்குப் படித்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிலோவுக்கு 2 கிராம். என் பெண் 14 கிலோ, ஆக 28 கிராம். ஐந்து கிராம் பாட்டில் ஆறு. ஆயிரக்கணக்கான பேர் தந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கிற மருந்து, விலை அப்படித்தான் இருக்கும். பி.எஃப். லோன் போட்டேன். எட்டாவது நாள் ஏற்றினார்கள். எக்கோவில் ஒரு குழாய் லேசாக விரிந்திருந்தது. அன்றிலிருந்து தினம் ஒரு குட்டி ஆஸ்பிரின்.

அப்போது எனக்கும் இதே உபதேசம் வந்தது, வேறொருவர் மூலம். நானும் இரண்டு பாட்டில் வாங்கினேன், மறைப்பானேன்? பயந்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் வாங்குவான். அதைத்தான் இவர்கள் வியாபாரம் ஆக்குகிறார்கள்.

"ஆராய்ச்சி இருக்கு" என்று சார் நாலு தாளை நீட்டினார். வாங்கிப் படித்தேன். ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு படலம், எண்டோதீலியம். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட்டுக் குழாயைத் தளர்த்துகிறது (அதைக் கண்டுபிடித்ததற்கு 1998-ல் மூவருக்கு நோபல் பரிசு). அழற்சி வந்தால் சூப்பர் ஆக்சைடு பெருகி அந்த வாயுவைத் தின்றுவிடும். வைட்டமின் சி அந்தச் சூப்பர் ஆக்சைடைப் பிடிக்கும். 2003-ல் சீன மருத்துவர்கள் காவாசாகி வந்து தேறிய குழந்தைகளுக்கு வைட்டமின் சி-யை நரம்பில் ஏற்றி, கையின் ரத்தக்குழாய் முன்பைவிட நன்றாக விரிகிறது என்று காட்டினார்கள்.

நல்லது. ஆனால் அது நரம்பில் ஏற்றியது, வாயில் ஊற்றிய ஜூஸ் அல்ல. அளந்தது கைக்குழாயின் விரிவை, இதயக் குழாயின் புடைப்பை அல்ல. அதுவும் ஏற்றிய கையோடு அளந்தது. பேங்க்காரனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், மார்ச் 31 அன்று வருகிற டெபாசிட். ஏப்ரல் 1-ம் தேதி பார்த்தால் கணக்கில் இருக்காது. அதை வைத்துக் கிளை லாபத்தில் ஓடுகிறது என்று சொன்னால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

நீண்டகாலக் கணக்கும் பெரியவர்கள் விஷயத்தில் போட்டாயிற்று. 1994-ல் பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்துப் பார்த்ததில், பீட்டா கரோட்டின் தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது, குறையவில்லை. 2002-ல் பிரிட்டனில் 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து வருஷம் கொடுத்தார்கள். மாரடைப்பிலும் சாவிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. பெரியவர்களுக்கே காப்பாற்றாததை மூணு வயசுக் குழந்தையிடம் விற்கிறீர்களே சார்!

"சைடு எஃபெக்ட் கிடையாது" என்பது அதைவிடப் பெரிய பொய். வைட்டமின் ஏ உடம்பிலேயே சேரும், அளவு மீறினால் விஷம். வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். ஆஸ்பிரினைக் கண்டு பயந்தவர்கள் இதற்கல்லவா பயப்பட வேண்டும்? நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு தாராளமாகக் கொடுங்கள். அது சாப்பாடு. மருந்துச் சீட்டில் அதற்கு இடமில்லை.

அந்தத் தம்பதியிடம் யாரும் சொல்லாத சங்கதிகள் எத்தனை! இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் தட்டம்மை தடுப்பூசியைப் பதினோரு மாதம் தள்ளிப் போட வேண்டும். ஆஸ்பிரின் ஓடும்போது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும், ரே சிண்ட்ரோம் என்ற ஆபத்து இருக்கிறது. ஆஸ்பிரினை நிறுத்துவதை முடிவு செய்வது ஆறிலிருந்து எட்டாவது வாரத்து எக்கோவைப் பார்த்து டாக்டர், கிருத்திகைக் கூட்டம் இல்லை. இத்தனைக்கும் இந்த ஊர் பி.ஜி.ஐ. காவாசாகி ஆராய்ச்சிக்கு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. அதன் வாசலில் குடியிருந்துகொண்டு ஜூஸ் பாட்டிலிடம் யோசனை கேட்கிறோம்.

என் பெண்ணுக்கு எட்டாவது வாரம் எக்கோவில் குழாய் பழைய அளவுக்கு வந்திருந்தது. அந்த இரண்டு பாட்டில் உடைக்காமல் அலமாரியில் கிடந்து, காலாவதியானதும் தங்கமணி சிங்க்கில் ஊற்றினாள்.

நேற்று அந்தப் பெண் போன் செய்தாள். நடுவில் இரண்டு நாள் ஆஸ்பிரின் கொடுக்கவில்லையாம், சொல்லும்போதே அழுகை. "டாக்டர் திட்டுவாரா அண்ணா?" என்றாள். திட்டினால் திட்டட்டும்மா, உள்ளதைச் சொல்லிவிடு என்றேன். அவள் வீட்டுக்காரர் டூரில் இருக்கிறார். காலையில் எட்டு மணிக்கு நானும் தங்கமணியும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.