சர்வகலாசாலைச் செயலிகள் யாருக்காக?

இப்பொழுது எந்தச் சர்வகலாசாலையை எடுத்துக்கொண்டாலும், "எங்களுக்கும் ஒரு செயலி இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது ஒரு பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையைப்பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. படித்த கூட்டத்தார் தங்கள் கட்டடத்திற்குள்ளேயே பூட்டிவைத்திருந்த அறிவு, குடியானவன் சட்டைப்பையிலிருக்கும் செல்போனுக்கு வருகிறதென்றால் அதை நாம் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பது? ஆனால் அது உண்மையாகவே வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

சென்ற மழைக்காலத்தில் நாம் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 வளைவுகளையும் ஏறி, வாசலூர்பட்டியில் ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். உல்லாசப் பிரயாணிகள் படகில் சுற்றும் ஏரிக்குச் சற்று அப்பால், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொஞ்சம் மிளகுக்கொடிதான் அவருடைய ஜீவனம். அதில் நான்கைந்து கொடிகள் இலை கறுத்து, தண்டு அழுகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாடிவிட்டன. கல்லூரியில் படிக்கும் அவர் மகள், "ஒரு சர்வகலாசாலையின் செயலி இருக்கிறது, அதில் பார்க்கலாம் அப்பா" என்றாள்.

அதை இறக்குவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. திறந்ததும் போன் நம்பர் கேட்டது. நம்பர் கொடுத்தால் ஓ.டி.பி. கேட்டது. வீட்டில் டவர் இல்லை. அந்தப் பெண் மழையில் பாறைமேல் ஏறி நின்று ஓ.டி.பி. வாங்கி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மறுபடியும் ஏறினாள். பிறகு, இருக்குமிடத்தைக் காட்ட வேண்டுமாம். போனிலுள்ள மற்றவர்கள் நம்பர்களையும் பார்க்கவிட வேண்டுமாம். மிளகுக்கொடி வாடினதற்கும், அவருடைய சம்பந்தியின் போன் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? எல்லாவற்றிற்கும் 'சரி' போட்டு உள்ளே போனால், எல்லாம் இங்கிலீஷ்! அதையும் மகள் படித்து, நோயின் பெயரைக் கண்டுபிடித்துத் தொட்டால், வெறும் வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

அந்தத் தோழருக்கு வேண்டியிருந்ததெல்லாம் என்ன? செத்த கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடு, தண்ணீர் தேங்கவிடாதே, மழை பிடிக்குமுன்பே மற்றக் கொடிகளுக்குப் போர்டோ கலவை அடி. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. இரும்புக் கத்தியைத் தோய்த்துப் பார்த்து, செம்புநிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஓ.டி.பி. எதற்கு?

இந்தக் கலவையின் கதையைச் சர்வகலாசாலைக்காரர்கள் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. பிரான்சு தேசத்துப் போர்டோப் பக்கத்தில், வழிப்போக்கர் திராட்சையைத் திருடித் தின்னாமலிருக்க, குடியானவர்கள் சாலையோரக் கொடிகளின்மேல் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராதிருப்பதை 1882-இல் கண்டவர் மில்லார்டே என்ற சர்வகலாசாலைப் பேராசிரியர். சோதித்துப் பார்த்து 1885-இல் ஊரறிய வெளியிட்டார். குடியானவன் காட்டிலிருந்து எடுத்ததைக் குடியானவனுக்கே திருப்பிக் கொடுத்தார் என்பதுதான் இதில் விசேஷம். அதைப் படிக்க யாரும் தன் உறவினர் ஜாபிதாவை அவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கவில்லை.

நிற்க. நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1868-இல் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தோன்றி, 1971-இல் சர்வகலாசாலையான கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பயிர் விஷயங்களைத் தமிழிலேயே இணையத்தில் ஏராளமாகப் போட்டிருக்கிறது. தமிழ்நாடு சர்க்காரும் 2018-இல் 'உழவன்' செயலியை வெளியிட்டது. ஆகவே தமிழில் முடியாது என்று எவராவது சொன்னால் அது சோம்பேறித்தனமே ஒழிய வேறல்ல.

முதலாவது, எல்லாவற்றிற்கும் செயலி எதற்கு? சாதாரண இணையப் பக்கமாகப் போட்டால் எந்தப் போனிலும் திறக்கும். செயலி என்றால் ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைக்காரன், அவனுக்குக் கப்பம். கூகுளுக்கு ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷந்தோறும் 99 டாலர் என்பது பொதுவிதி. பணம் பெரிதல்ல. ஆண்ட்ராய்டு மாற மாற, அதற்கேற்பத் திருத்தப்படாத செயலியைக் கூகுள் கடை புதிய போன்காரர்களுக்குக் காட்டவே காட்டாது. நம்மவர்களோ திட்டப் பணம் இருக்கும்வரை செய்து, அமைச்சரை அழைத்து வெளியிட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பணம் தீர்ந்ததும், எழுதின மாணவன் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடுகிறான். அப்புறம் அதைத் திருத்துவது யார்? கடைக் கணக்கு ஒரு பேராசிரியரின் சொந்த ஈமெயிலில் இருந்து, அவரும் ஓய்வு பெற்றுவிட்டால், செயலியை அடக்கம் செய்யக்கூட ஆளிருக்காது.

உடைமை யாருடையது என்பதையும் முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு 2008-இல் செயலி செய்து கொடுத்தது, மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு சிறு கம்பெனி. அடுத்த வருஷமே அந்தக் கம்பெனியை பிளாக்போர்டு என்ற பெரிய வியாபார ஸ்தாபனம் விலைக்கு வாங்கிவிட்டது. எம்.ஐ.டி. என்ற கழகமோ, தன் கைபேசிச் சேவைக்கு எழுதிய நிரலை யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாமென்று வெளியிட்டது. ஜனங்கள் வரிப்பணத்தில் நடக்கும் நமது சர்வகலாசாலைகளுக்கு இந்த இரண்டில் எது யோக்கியமான வழி?

பிறர் விவரங்களைத் தோண்டும் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒரே குரலில் சொல்லியாயிற்று. 2023-ஆம் வருஷத்துச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையென்றே கொள்கிறது. கல்லூரியில் முதல் வருஷம் சேருகிற எத்தனையோ பேருக்கு 17 வயதுதான். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று செயலி மூலம் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படும் நிர்வாகிகள் இதை ஒருமுறை படித்துவிட்டு ஆசைப்படட்டும்.

நமக்கு வெட்கமாயிருப்பது வேறொன்று. அந்த வீட்டிலிருந்த அதே போனில், ராகுகாலம், எமகண்டம் பார்க்கும் பஞ்சாங்கச் செயலி ஒன்றும் இருந்தது. அது தமிழில் இருக்கிறது. டவர் இல்லாமலே திறக்கிறது. கிழவிகூடத் தொட்டுப் பார்க்கிறாள். பொய்யைச் சொல்லுகிறவனுக்கு இருக்கிற அக்கறை, மெய்யைச் சொல்லுகிறவனுக்கு ஏன் இல்லை? இனியாவது செயலி வெளியிடுமுன், பட்டணத்து மண்டபத்தில் வைத்துக் கைதட்டு வாங்குவதற்குப் பதில், மழை பெய்கிற ஒரு நாளில் வாசலூர்பட்டிக்குக் கொண்டுவந்து, ஆறாயிரம் ரூபாய்ப் போன் வைத்திருக்கிற ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கும்படி துணைவேந்தர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மேலே சொன்ன கலவைக் கணக்கை, செம்மேட்டுக்குப் போய் ஒரு விவசாய ஊழியரிடம் கேட்டுவந்து, அந்தப் பெண் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்களாம்.