பழைய பதிப்பு என்று ஒதுக்க வேண்டாம்

கமாடிட்டி முன்பேர வர்த்தகத்துக்கு ஒரு அறிமுகப் புத்தகம் தேடும் பி.காம் மாணவனுக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் தேர்வு கைடுதான். கொஞ்சம் நல்ல புத்தகமாகக் கேட்டால் "அது இப்போ அச்சில் இல்லையே" என்பார்கள். பழசுதானே, போகட்டும் என்று அவனும் விட்டுவிடுகிறான். அப்படி விடக்கூடாது.

எது பழசாகிறது? சட்டம். என்சிடிஇஎக்ஸ், எம்சிஎக்ஸ் சந்தைகள் 2003ல் தொடங்கிய காலத்துப் புத்தகங்கள், முன்பேர சந்தை ஆணையத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். அந்த ஆணையம் 2015 செப்டம்பரில் செபியோடு இணைந்துவிட்டது. அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம்.

பழசாகாதது கணக்கு. நாமகிரிப்பேட்டை மஞ்சள் விவசாயி ஒருவர், அறுவடைக்குச் சில மாதம் முன்பே குவிண்டால் 14,000 ரூபாய்க்கு முன்பேரத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடையில் விலை 11,000க்கு இறங்கினால் ஏலத்தில் போகும் 3,000 முன்பேரத்தில் திரும்பி வரும். இது வரைக்கும் எல்லோருக்கும் புரியும்.

விலை இடையில் 16,000 ஆனால்? மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். ஆனால் குவிண்டாலுக்கு 2,000 ரூபாயை உடனே பணமாகக் கட்டியாக வேண்டும். முடியாதவரின் ஒப்பந்தத்தை புரோக்கரே முடித்துவிடுவார், நஷ்டம் மட்டும் நிற்கும். இன்னொன்று, ஒப்பந்தம் நிஜாமாபாத் விலையை அடிப்படையாகக் கொண்டது. அங்கே 3,000 இறங்கும்போது சேலம் லீ பஜாரில் 3,500 இறங்கினால் மீதி 500க்குப் பாதுகாப்பே கிடையாது. கைடு இதை இரண்டு மார்க் கேள்வியாக முடித்துவிடும். நல்ல அறிமுகப் புத்தகம் இங்கேதான் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுக்கும். தாமஸ் ஹைரோனிமஸ் 1971ல் எழுதிய 'எகனாமிக்ஸ் ஆஃப் ஃபியூச்சர்ஸ் டிரேடிங்' புத்தகத்தை இன்றும் ஆட்கள் தேடுவது சும்மா இல்லை.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதில் பாதி, எப்போது வாங்கலாம் எப்போது விற்கலாம் என்ற டிப்ஸ்தான்!

நாமக்கல்காரர்களுக்கு இன்னொரு செய்தி. உலகப் புகழ் பெற்ற சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 1898ல் பிறந்தபோது அதன் பெயரே சிகாகோ வெண்ணெய், முட்டை வாரியம்தான். சீனாவின் டாலியன் சந்தை 2013ல் முட்டைக்கு முன்பேர ஒப்பந்தம் கொண்டுவந்தது. நாமக்கல் முட்டைக்கும் அது வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடவாவது அடிப்படை தெரிந்திருக்க வேண்டாமா?

தேட வழி இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். எனவே இந்தியப் பதிப்புகளை முதலில் அங்கே தேடலாம். கல்லூரி நூலகங்களுக்கு ஒரே வேண்டுகோள்: சிலபஸ் மாறிவிட்டது என்று பழைய பதிப்புகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சட்டம் மாறியதை ஒரு துண்டுச்சீட்டில் எழ்தி உள்ளே ஒட்டினால் போதும்.