மட்டம் பண்ணிடலாம் சார்!

இந்த ஒரு வசனத்தைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்கு காது சிவக்குது மக்களே. "தரை ஏத்த இறக்கமா இருக்கா? கலவையைக் கொட்டி மட்டம் பண்ணிடலாம் சார். மேல டைல்ஸ் ஒட்டிட்டா ஒண்ணும் தெரியாது." தெரியாதுங்கறதுதானய்யா பிரச்சினையே!

நான் இருக்கறது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கம். இங்க புதுசா கட்டின கான்கிரீட் வீடுகள்ல இந்த வசனம் ஓரளவு செல்லும். ஆனா எங்க அப்பத்தா இருக்கறது மாசி வீதிகளை ஒட்டின பழைய வீட்டு மாடியில. மெட்ராஸ் டெரஸ். தெரியாதவங்களுக்கு: தேக்கு உத்திரம், அதுமேல வரிசையா மரக்கட்டை, அதுமேல செங்கலைக் குத்தவச்சு சுண்ணாம்புல பிடிச்சு, அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்ச தளம். மேல பாத்தா தரை, தாங்கறது முழுக்க மரம். ராத்திரியில படியிறங்க அப்பத்தாவுக்கு முட்டி ஒத்துழைக்கல, அதனால மாடியிலயே ஒரு பாத்ரூம். 6க்கு 5 அடி. அந்த இடத்துல ஒரு மூலை நல்லாவே இறங்கிக் கிடக்கு.

வந்த மேஸ்திரி ரசமட்டம்கூட வைக்கல. ஒரு பார்வை, "மூணு இஞ்ச் கலவை போதும்".

எஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு பெருக்கலாவது போடணும்ல? 30 சதுர அடி, கால் அடி கனம், ஏழரை கன அடி. கன அடிக்கு 60 கிலோன்னு வச்சாலே 450 கிலோ. அதாவது ஆறு தடிமாடுங்க ராப்பகலா அந்த மூலையில நிக்கப் போறாங்க. டைல்ஸ் எடை தனி.

அந்த மூலை ஏன் இறங்குச்சுன்னு ஒருத்தரும் கேக்கல பாருங்க, அங்கதான் வயிறு எரியுது. சுவத்துக்குள்ள போற கட்டை நுனி ஓதத்துல உளுத்திருக்கலாம், கரையான் தின்னிருக்கலாம். திருப்புளியால குத்திப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். உளுத்த கட்டையை மாத்தாம மேல பாரம் ஏத்தறதுக்குப் பேரு மராமத்தா?

உடனே "மரத்து மேல டைல்ஸே ஆகாது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அமெரிக்காவுல மரவீட்டுல காலங்காலமா போடறான். ஆனா அவன் முதல்ல பாக்கறது மரம் எவ்வளவு வளையுதுன்னு. நீளத்துல 360ல ஒரு பங்குக்கு மேல வளையக் கூடாது, 10 அடிக்கு மூணுல ஒரு இஞ்ச். ஏன்னா மரம் வளையும், ஈரத்துல உப்பும், டைல்ஸ் ரெண்டும் செய்யாது. முதல்ல இணைப்பு விரியும், அதுவழியா தண்ணி இறங்கும், சுண்ணாம்பு உறிஞ்சும், கட்டை அழுகும். கீழ தூங்கறவன் தலையில காரை விழும்போதுதான் விஷயமே வெளிய வரும்.

டைல்ஸ் கடையில கலர் பாக்க அரை நாள் செலவழிக்கறோம். தண்ணி போற வாட்டம், 6 அடிக்கு முக்கால் இஞ்சாவது, அதைக் கேக்க அரை நிமிஷம் இல்ல. ஓதம் தடுக்கற பூச்சை சுவத்துலயும் ஒரு அடி ஏத்திப் பூசணும். காஞ்சதும் குழாய் வாயை அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடணும். கீழ நின்னு கூரையைப் பாக்கணும். அப்புறம்தான் டைல்ஸ்.

"ஒருநாள் கூலி வேஸ்ட் சார்"ங்கறாரு மேஸ்திரி. அந்தக் கூலியை நானே தர்றேன்னுட்டேன். மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு வாளியைத் தேடிப் போயிருக்காரு.