யார் இறங்கி வருவது?

கொடைக்கானல் மலைக் கிராமமான மன்னவனூரில் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி தகராறு முற்றினால் முதலில் வருவது தாய்மாமன். அடுத்து ஊர்ப் பெரியவர்கள். அதிலும் தீராவிட்டால் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு மனு. நீதிமன்றம் கடைசி. அந்தக் கடைசிக்குப் போகும் வழியும் லேசானதல்ல. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் சுமார் 35 கிலோமீட்டர்; அங்கிருந்து மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லுக்கு இன்னும் 90 கிலோமீட்டருக்கு மேல். கல்யாணமாகித் திருப்பூரில் குடியிருந்த தம்பதி என்றால், கணவர் அங்கேயே மனுப் போட்டிருக்கவும் கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு இறங்குகிற பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த வாய்தா தேதிதான். அன்றைய கூலியும் போயிருக்கும்.

இந்த அலைச்சலுக்கு ஒரு மாற்று இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே முளைத்தது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கப்பட்டது. நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் அதுதான். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதன் பின்னணியில் இருந்தவர். நீதிமன்றம் அனுப்பிவைக்கும் வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. சமரசர் பெரும்பாலும் 40 மணி நேரப் பயிற்சி முடித்த வழக்கறிஞர்.

இருந்தும் மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் 'சமரசம்' என்ற சொல்லைக் கேட்டதுமே பெண் வீட்டார் முகம் சுருங்குகிறது. "அனுசரிச்சுப் போம்மா" என்ற வாக்கியத்தின் அரசாங்கப் பதிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும், முதலில் இணக்கத்துக்கு முயன்று பார் என்றுதான் நீதிபதிக்குச் சொல்கின்றன. ஆனால் சமரசரின் வேலை சேர்த்து வைப்பது அல்ல. சேர விரும்புகிறவர்கள் சேரலாம். பிரிவதென்று முடிவெடுத்தவர்கள் ஒருவரையொருவர் கிழிக்காமல் பிரியவும் அதே மேசைதான். இந்த இரண்டாவது பாதியை யாரும் உரக்கச் சொல்வதில்லை. குடும்பச் சமரசம் இங்கே பாதி வேகத்தில் நடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே அமர்வில் புரிந்துவிடும். பஞ்சாயத்தில் யார் தப்பு என்று கேட்பார்கள், தீர்ப்புச் சொல்வார்கள். சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லை. முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார், பிறகு ஒவ்வொருவரையும் தனியாக. தனி அமர்வில் சொன்னதை அனுமதியில்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டார். காரியம் நகர்வது பெரும்பாலும் அந்தத் தனி அறையில்தான். சபையில் முப்பது பவுனுக்குச் சண்டை போட்டவர், கதவு சாத்தியதும், "நகையை விடுங்க, அவங்க அம்மா அன்னைக்குச் சொன்ன சொல்லுக்கு ஒரு பதில் வேணும்" என்று அழக்கூடும். கோபம் வடிந்த பிறகு கணக்கு தொடங்கும். சீர்வரிசைப் பட்டியல், ஜீவனாம்சம் மாதாமாதமா ஒரே தொகையா, பிள்ளை யாரிடம், பொங்கல் லீவு யார் வீட்டில், பள்ளிக் கட்டணம் யார் பெயரில், ஒருவர் மீது ஒருவர் போட்ட வழக்குகள் எந்த வரிசையில் வாபஸ். பேச்சு முறிந்தால், முறிந்தது என்ற ஒற்றை வரிக்கு மேல் நீதிமன்றத்துக்கு எதுவும் எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மோதி ராம் வழக்கில் சொல்லிவிட்டது.

பேசி முடித்துவிட்டால் காலமும் மிச்சம். பரஸ்பர சம்மத மணவிலக்குக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நீண்ட காலம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், பிள்ளை உள்ளிட்ட எல்லாவற்றையும் மெய்யாகவே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு இதெல்லாம் புதுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த மலைத்தொடரின் பழங்குடிகளான பளியரிடையே 1960களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவர் கண்ட பளியர், அடுத்தவரை அதட்டுவதையே அவமரியாதையாகக் கருதியவர்கள். சண்டை மூண்டால் யாராவது ஒருவர் வேடிக்கை பேசியோ இதமாகப் பேசியோ சூட்டைத் தணிப்பார். அவருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. அதற்கும் தணியாவிட்டால் ஒருவர் விலகி நடந்துவிடுவார். கணவன் மனைவிக்கும் அதே வழக்கம்தான். பிரிந்து போனதற்காக யாரும் யாரையும் சபை நடுவில் நிற்க வைப்பதில்லை. 40 மணி நேரப் பயிற்சியில் சொல்லித்தரும் பாடத்தின் சாரம் இது. ஒரு வேறுபாடும் உண்டு. பட்டாவும் நகைக்கடனும் பள்ளிக்கூடமும் இல்லாத வாழ்க்கையில் எழுந்து நடந்துவிடுவது எளிது. பூம்பாறையில் பூண்டுக் காடும் கூட்டுறவுச் சங்கக் கடனும் வைத்திருக்கிற தம்பதியால் அப்படி நடந்துவிட முடியாது.

அவர்களுக்கு ஊர் காட்டும் குறுக்குவழி முத்திரைத்தாள். நான்கு பேர் முன்னிலையில் 'தீர்த்துவிட்டோம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, இனி அவரவர் வழி என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்து திருமணச் சட்டம் வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறதுதான். ஆனால் தங்கள் சாதியில் அந்த வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்கும் பாரம் சொல்கிறவர் தலையில். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அதை நம்பிச் செய்த மறுமணம் செல்லாது. இருதார வழக்கும் வரலாம். சமரச மையத்தில் எழுதும் ஒப்பந்தம் நீதிமன்றத்தின் பதிவுக்குள் போகிறது. ஒரே நாள் வேலை போலத் தெரியும் இரண்டு காகிதங்களுக்கு இடையே இத்தனை தூரம்.

சமரசத்துக்கு எல்லையும் வேண்டும். 2015இல், பாலியல் வல்லுறவு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரைப் பிணையில் விட்டுப் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவு. அந்தப் பெண் மறுத்தார். இத்தகைய வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில் சொன்ன பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. குடும்பத் தகராறுக்கும் இந்தக் கவனம் தேவை. அடிக்குப் பயந்து தலையாட்டுகிற பெண்ணின் சம்மதம் சம்மதமல்ல. பிள்ளைகள் விஷயத்தில் வழக்குக்கு முன் சமரசத்தைக் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாகூட, வீட்டில் வன்முறை இருந்தால் அதிலிருந்து விலக்களிக்கிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் மத்தியஸ்த மசோதா வழக்குக்கு முந்தைய சமரசத்தைக் கட்டாயமாக்கப் பார்த்தது. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் விருப்பத்துக்கு விட்டது. அதுவே சரி.

கேள்வி, விரும்புகிறவர் எங்கே போவார் என்பதுதான். 2013இல் கே. சீனிவாச ராவ் வழக்கில், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே பேசித் தீர்க்க உதவும் பிரிவுகளை எல்லா சமரச மையங்களும் தொடங்க வேண்டும், அதை மக்களிடம் பரவலாகச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கொடைக்கானல் சந்தையில் நின்று பத்துப் பேரிடம் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருந்துவிட்டால் போதாது. குடும்ப விவகாரத்தில் பழகிய சமரசர் குறிப்பிட்ட நாளில் அங்கே இருக்க வேண்டும். அவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது. டீக்கடையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், ரகசியம் காப்பேன் என்று உள்ளூர்க்காரர் சொன்னால் நம்புவது கடினம்.

இலங்கை இதில் முந்திக்கொண்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் அங்கே 300க்கும் மேல் இயங்குகின்றன. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வார இறுதிகளில் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்கிறார்கள். மணவிலக்கு தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஆள் ஊருக்கே வருகிறார்.

கொடைக்கானலுக்கும் நாள் தயாராகவே இருக்கிறது. ஞாயிறு சந்தைக்கு மன்னவனூரும் பூம்பாறையும் பண்ணைக்காடும் எப்படியும் வந்துபோகின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு பள்ளிக்கூட அறை, கதவுள்ள இன்னொரு சின்ன அறை, திண்டுக்கல்லிலிருந்தோ மதுரையிலிருந்தோ மேலே ஏறி வரும் ஒரு சமரசர். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. சொந்தக் காரில் வருவதானால் அவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். மாலை கடைசி பஸ்ஸுக்குள் அமர்வை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.