பெயர் யாருக்குச் சொந்தம்?



அப்பிள் என்றதும் நமக்கு ஃபோன்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பெயரை முதலில் வைத்தது வேறொரு கம்பனி. பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1968இல் லண்டனில் ஆரம்பித்த அப்பிள் கோர்ப்ஸ். அமெரிக்காவின் அப்பிள் கம்பியூட்டர் பிறந்தது 1976இல்தான்.

இரண்டே வருடத்தில் தகராறு வந்தது. 1981இல் சமரசம். கம்பியூட்டர் கம்பனி 80,000 டொலர் கொடுத்து, இசைத் துறைக்குள் வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டது. பிறகு கம்பியூட்டரில் இசையும் வந்தது. மறுபடியும் வழக்கு, 1991இல் 265 இலட்சம் டொலர் கட்டினார்கள். ஐடியூன்ஸ் வந்ததும் மூன்றாவது வழக்கு. 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் கம்பியூட்டர் கம்பனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2007இல் பெயரின் உரிமை முழுவதும் அவர்கள் கைக்கே போனது. முதலில் பெயர் வைத்தவர்கள் இன்று அவர்களிடம் அனுமதி பெற்றுத்தான் அதைப் பாவிக்கிறார்கள்.

இனி 2020க்கு வருவோம். அமெரிக்காவில் பிரிபெயார் என்றொரு சமையல் எப். அதன் லோகோ ஒரு பெயார்ஸ் பழம். அது தங்கள் லோகோவைப் போல இருக்கிறது என்று அப்பிள் ஆட்சேபித்தது. கடைசியில், 2021இல், அந்தச் சிறிய கம்பனி பழத்தின் இலையை மாற்றி வரைந்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

தன் பெயரைக் காக்காவிட்டால் உரிமை பலவீனமாகிவிடும் என்று கம்பனிகள் சொல்வதில் நியாயம் உண்டு. போலிச் சார்ஜரை அசல் என்று நம்பி ஏமாறியவருக்கு அது விளங்கும். வர்த்தகக் குறிச் சட்டம் இருப்பதே வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பார்த்து யாராவது ஏமாறுவார்களா? சமையல் எப்பைத் தேடுபவர் பெயார்ஸ் பழத்தைப் பார்த்து ஐபோன் என்று நினைக்கப்போவதில்லை.

இன்னொருவர் வைத்த அதே பெயரோடு வளர இடம் கிடைத்த கம்பனி, பெயார்ஸ் பழத்துக்கு இடம் கொடுக்க மறுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. வழக்குச் செலவுக்குப் பயந்து சிறியவன் விட்டுக்கொடுப்பதை நீதி என்று சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று எப் செய்கிறார்கள், ஒன்லைன் கடை போடுகிறார்கள். பெயர் வைக்க முன், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அதே பெயர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரிலேயே பதிந்துவிடுங்கள். பெயர் பிரபலமான பிறகு மாற்றுவது பெரிய நஷ்டம்.

உங்கள் கருத்து என்ன? சொல்லுங்கள்.