குருதிக்கொடைக்கும் ஒரு பாடு வேண்டும்

சென்ற ஆண்டு மார்ச் நடுவில் நம் கல்லூரியில் குருதிக்கொடை முகாம் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் இரத்தம் வழங்கினர். பழமும் பிஸ்கட்டும் சான்றிதழும் பெற்றனர். நான் அன்று நூலகத்தில் ஒளிந்திருந்தேன். ஊசி என்றால் எனக்கு அச்சம். இதை இம்மலரில் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வந்த செய்தி அதிலிருந்தே தொடங்குகிறது.

மே முதல் வாரம், கல்லூரி விடுமுறையில் இருந்தது. பழவேற்காட்டில் எங்கள் குப்பத்து அக்கா ஒருவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். நான்காம் வகுப்பில் படிக்கும் அவர் மகனுக்கு இரத்தப் புற்றுநோய். அங்கே பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். "தம்பி, பிளேட்லெட் ஒன்பதாயிரத்துக்கு எறங்கிடுச்சாம். ரெண்டு பேர ரத்தம் குடுக்கக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. உங்க காலேஜ் பசங்க யாராச்சும் வருவாங்களா?" என்றார்.

நலமுள்ள உடலில் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை இரத்தத் தட்டுகள். முதலாண்டு விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் லீஷ்மன் சாயம் ஏற்றி இரத்தப் பூச்சைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? (விரலில் ஊசி பட்டது நண்பனுக்கு, எனக்கன்று.) வெள்ளணுக்களை அழகாக வரைந்தேன். இடையிடையே தூசி போலக் கிடந்த ஊதாத் துணுக்குகளை வரையாமலே விட்டுவிட்டேன். அந்தத் துணுக்குகளைத்தான் இப்போது அக்கா கேட்டார்.

இந்நோய்க்கு மருந்தில்லாத காலம் போய்விட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற பீமவரத்துக்காரர் எல்லப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரினைக் கொண்டுதான் 1948-இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். அதே இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்தக் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. அச்சிறுவனுக்கும் மருந்துக்குக் குறைவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் நோயணுவைக் கொல்லும் மருந்து எலும்பு மச்சையையும் அடக்கிவிடுகிறது. மச்சை மீளும்வரை இரத்தத் தட்டுகளைப் பிறர்தான் கொடுத்தாக வேண்டும். அவற்றை எந்த ஆலையிலும் செய்ய முடியாது. பணம் கொடுத்து வாங்கவும் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 சனவரி முதல் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டுவிட்டது.

வகுப்பு நண்பர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். எல்லாரும் வர அணியமாக இருந்தனர். ஆனால் எவராலும் கொடுக்க இயலவில்லை! ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாளும், பெண்கள் 120 நாளும் பொறுக்க வேண்டும். மார்ச்சில் கொடுத்த கைகள் அத்தனையும் மே மாதத்தில் கட்டுண்டு கிடந்தன. முகாமுக்கு வராமல் ஒளிந்த நான் ஒருவனே தகுதியோடு நின்றேன்.

குப்பத்தில் கேட்டால், "ரத்தம் குடுத்தா வலை இழுக்கத் தெம்பு இருக்காதுடா" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்லேன். அவர் பிழைப்பே தோள் வலுவில்தான் இருக்கிறது. பிறகு சித்தப்பாவை இணங்கவைத்துப் பொன்னேரிக்குப் பேருந்திலும் அங்கிருந்து ரயிலிலும் போய்ச் சேர்ந்தோம். ஊசி நான் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. சித்தப்பா மறுநாளே ஏரிக்குப் போனார்.

மார்ச்சில் நாம் கொடுத்த நூறு பை என்னவாயிற்று? சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்தாறு வாரம் வைக்கலாம். இரத்தத் தட்டுகளோ, 20 முதல் 24 பாகை வெப்பத்தில் ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்தாலும் ஐந்து நாள்தான். ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பது பார்வைக்குச் சிறப்பு. படமும் நன்றாக வரும். ஆறாம் நாள் ஒரு குழந்தைக்குத் தட்டுகள் வேண்டுமென்றால் அந்த நூறில் ஒன்றும் உதவாது.

எங்கள் ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் எவர் என்று வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத முன்னோர் இதைத் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள். பட்டப்படிப்புப் படிக்கும் நம்மால் இயலாதா? பெருமுகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு பெயரை ஆண்டு முழுதும் பிரித்துப் போடுங்கள் என்கிறேன். வாரத்துக்கு இருவர் என்றாலே நூறு பேரில் ஓராண்டு ஓடிவிடும். விடுமுறை வாரங்களைச் சென்னைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக்கூடாது. இந்தக் கடைசிக் கணக்கில்தான் நம் மாணவியர் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அது வேறொரு வழக்கு. அதையும் யாரேனும் இம்மலரில் எழுத வேண்டும்.

அச்சிறுவனுக்குச் சிகிச்சை இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. இடையில் எத்தனை முறை அழைப்பு வருமென்று அக்காவுக்கும் தெரியாது. ஒரு குறிப்பேட்டில் ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் கோடு போட்டு, நாட்டு நலப்பணித் திட்ட அறையில் வைத்திருக்கிறேன். மே முதல் வாரத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்கடுத்த வரி காலியாக இருக்கிறது.